களவு போன பணமும் தெரியாமல் போன சொல்லும்: குறுக்கெழுத்துப் புதிரால் ஒரு ஆங்கில பாடம்

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு நாள் பின்னேரம் வளைகுடா நாடொன்றிலிருந்து எனக்கு வட்ஸ்அப் அழைப்பு வந்தது. பேசியவன் என்னிடம் தரம் 11 வரை ஆங்கிலம் படித்த மாணவன். சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு 'சீ' சித்தி பெற்றவன். அங்கு ஒரு சுப்பர்மார்க்கெட்டில் காசாளராக வேலை செய்கிறான். சுகம் விசாரித்து முடித்ததும் அவனுடைய குரல் மாறியது.

நடந்தது இதுதான். கல்லாப்பெட்டி திறந்திருந்த நேரத்தில், வாடிக்கையாளர்போல் நின்ற ஒருவன் கையை விட்டு நோட்டுகளை அள்ளிக்கொண்டு ஓடிவிட்டான். மேற்பார்வையாளர் அந்த நேரம் கடையில் இல்லை. அவர் வந்ததும் ஒரு தாளைக் கொடுத்து, நடந்ததை ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமிடச் சொல்லியிருக்கிறார். இவன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் 'ஐ ரொப்ட் 400 ரியால்' என்று எழுதிக் கொடுத்துவிட்டான். 'என்னிடமிருந்து 400 ரியால் களவு போய்விட்டது' என்பதுதான் அவன் மனதில் இருந்தது. தாளில் இருந்ததோ, 'நான் 400 ரியாலைக் கொள்ளையடித்தேன்' என்பது.

கமராப் பதிவைப் பார்த்து உண்மை தெளிவாகும் வரை நான்கு நாட்கள் அவனை வேலைக்கு எடுக்கவில்லை. அறையில் அடைந்து கிடந்திருக்கிறான். கடைசியில் மன்னிப்புக் கேட்டு மீண்டும் வேலைக்கு எடுத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் எனக்கு அழைப்பு எடுத்தான்.

"டீச்சர், அவன் களவெடுத்துட்டான் எண்டுதான் நான் எழுதின. அவங்க நான் களவெடுத்த எண்டு வாசிச்சிட்டாங்க. ரெண்டும் ஒரே சொல்லுதானே டீச்சர்?"

அவன் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் சொல்லை அவனுக்குப் படிப்பித்தவள் நான். சொல்லையும் பொருளையும் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதி, பத்துத் தரம் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்தவள் நான். அவன் பத்துத் தரம் எழுதியிருப்பான். சந்தேகமில்லை.

அந்த அழைப்புக்குப் பிறகு என் வகுப்பறையில் நான் மாற்றிக்கொண்ட ஒரு விடயத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆங்கில ஆசிரியர்களுக்கு மட்டுமல்ல, வெளிநாட்டுக்கோ கொழும்புக்கோ தொழிலுக்குப் போகவிருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் பல

நாம் வீட்டில் பேசும்போது எல்லாம் 'களவு'தான். கடையில் சவர்க்காரத்தை மறைத்து எடுத்தாலும் களவு, இரவில் ஓட்டைப் பிரித்து இறங்கினாலும் களவு, பஸ்ஸில் பணப்பையை எடுத்தாலும் களவு, கத்தியைக் காட்டிச் சங்கிலியை அறுத்தாலும் களவு. கேட்பவருக்கு விளங்கிவிடுகிறது. மேலதிக விபரம் வேண்டுமென்றால் அடுத்த வசனத்தில் சொல்லிக்கொள்கிறோம்.

ஆங்கிலத்தில் அப்படியல்ல. பொருளை எடுப்பது பொதுவாக 'தெஃப்ட்'. ஆளைத் தாக்கியோ பயமுறுத்தியோ பறித்தால் 'ரொபரி'. களவெடுக்கும் நோக்கத்தில் கட்டடத்துக்குள் புகுந்தால் 'பேர்க்ளரி'. கடையில் வாங்குபவர்போல் நடித்து எடுத்தால் 'ஷொப்லிஃப்டிங்'. பொய் சொல்லி நம்பவைத்துப் பறித்தால் 'ஃப்ரோட்'. ஒவ்வொன்றுக்கும் செய்பவனின் பெயரும் வேறு.

இது ஆங்கிலத்தின் வீண் ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். நமது நாட்டுச் சட்டமும் இவற்றைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. 1883ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையில் களவு 366ஆம் பிரிவிலும் கொள்ளை 379ஆம் பிரிவிலும் வரைவிலக்கணப்படுத்தப்பட்டுள்ளன. இரண்டுக்கும் தண்டனை ஒன்றல்ல. ஆகவே முறைப்பாட்டில் எந்தச் சொல் எழுதப்படுகிறது என்பது சிறிய விடயம் அல்ல.

இதைவிட நுணுக்கமான இன்னொரு சிக்கல் இருக்கிறது. 'காசு களவு போச்சு' என்று தமிழில் சொல்லும்போது, எடுத்தவன் யார் என்பதைச் சொல்லாமலே வசனத்தை முடித்துவிடலாம். காசே எழுந்து நடந்து போனதுபோல் நமது மொழி அதைச் சொல்கிறது. ஆங்கிலத்தில் அதே கருத்தைச் சொல்ல வேண்டுமென்றால் செயப்பாட்டு வினை வேண்டும். 'மை மணி வொஸ் ஸ்டோலன்' என்றோ 'ஐ வொஸ் ரொப்ட்' என்றோதான் சொல்ல வேண்டும். அந்த 'வொஸ்' விடுபட்டால் பறிகொடுத்தவன் பறித்தவனாகிவிடுவான். என் மாணவனுக்கு நடந்தது அதுதான்.

கூடவே இன்னொன்று. 'ஸ்டீல்' என்ற வினை பொருளைத் தொட்டு வரும். 'ரொப்' என்ற வினை ஆளையோ இடத்தையோ தொட்டு வரும். காசை 'ஸ்டீல்' பண்ணலாம், வங்கியை 'ரொப்' பண்ணலாம். இந்த வேறுபாட்டை நான் பல வருடங்களாகப் படிப்பிக்கவே இல்லை. பாடப்புத்தகத்தின் சொற்பட்டியலில் இரண்டுக்கும் எதிரே நான் எழுதிப் போட்டது ஒரே பொருளைத்தான்.

ஏன் குறுக்கெழுத்து?

என் வாப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் பத்திரிகையில் வரும் குறுக்கெழுத்துப் போட்டியை நிரப்பி அஞ்சலட்டையில் ஒட்டி அனுப்புவார். பரிசு ஒருபோதும் கிடைத்ததில்லை. ஆனால் ஒரு சொல் தெரியாவிட்டால் அன்று முழுவதும் அதையே யோசித்துக்கொண்டு திரிவார். சாப்பிடும்போதும் அதே யோசனைதான். பிற்காலத்தில் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெறும்போது எங்கள் விரிவுரையாளர் ஒருவர் டிமைத் தாளில் பெரிதாக ஒரு ஆங்கிலக் குறுக்கெழுத்தைக் கீறிக்கொண்டு வந்து சுவரில் ஒட்டினார். நாற்பது பேர் இருந்த வகுப்பு. இடைவேளைக்கு ஒருவரும் எழுந்து போகவில்லை. அந்த நினைவுதான் எனக்குக் கைகொடுத்தது.

குறுக்கெழுத்துப் புதிர் ஒன்றும் பழங்காலத்துச் சங்கதி அல்ல. இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவில் பத்திரிகையாளராக இருந்த ஆர்தர் வின் என்பவர், 1913 டிசம்பர் 21ஆம் திகதி 'நியூயோர்க் வேர்ல்ட்' பத்திரிகையில் சாய்சதுர வடிவத்தில் வெளியிட்ட புதிரே இன்றைய வடிவத்தின் தொடக்கம். 1924இல் அமெரிக்காவில் குறுக்கெழுத்துப் பித்து பரவியபோது, 'நியூயோர்க் டைம்ஸ்' அதை நேரத்தைப் பாழாக்கும் வேலை என்று கண்டித்து எழுதியது. அதே பத்திரிகை 1942இல் தானும் புதிர் வெளியிடத் தொடங்கியது. இன்று அந்தப் பத்திரிகையின் புதிர்தான் உலகில் மிகவும் பேர்பெற்றது. 'விளையாட்டால் படிப்பு வருமா?' என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

சொற்களைக் கற்பிக்க இது ஏன் உதவுகிறது என்பதற்கு என் அனுபவத்தில் மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, சொற்பட்டியலில் பிள்ளை சொல்லைப் பார்த்துப் பொருளைப் படிக்கிறது. புதிரிலோ பொருளைப் பார்த்துச் சொல்லைத் தேட வேண்டும். வாழ்க்கையிலும் அப்படித்தான். கடையில் காசாளர் பணத்தைப் பிழையாக எண்ணித் தந்தால் நமக்குப் பொருள் தெரியும். வாயில் சொல்தான் வராது. நினைவிலிருந்து தேடி எடுக்கும் பயிற்சி, திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நீண்ட நாள் நிலைக்கும் என்பதை ஆய்வுகளும் காட்டியுள்ளன. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதில் பிரபலமானது. ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முன்னின்றார்கள். ஒரு வாரத்தின் பின் சோதித்தபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். பரீட்சைக்கு முதல் நாள் பாடமாக்குவது ஏன் அடுத்த வாரமே மறந்துபோகிறது என்பதற்கு இதில் பதில் இருக்கிறது.

இரண்டாவது, கட்டங்கள் எழுத்துக்கூட்டலைத் திருத்துகின்றன. தமிழ்க் குறுக்கெழுத்தில் 'கொள்ளை' என்பதற்கு மூன்று கட்டம் போதும். உயிரும் மெய்யும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு உயிரெழுத்துக்கும் தனிப்பெட்டி. நமது பிள்ளைகள் பிழைவிடும் இடமும் அதுதான். ஒரு எழுத்து இடம் மாறினாலும் குறுக்கே வரும் சொல் பொருந்தாது. நான் சிவப்புப் பேனையை எடுக்கும் முன்னரே பிள்ளை தன் பிழையைத் தானே கண்டுபிடித்துவிடும்.

மூன்றாவது, அரைகுறையாகத் தெரிந்த பிள்ளைக்கும் இதில் இடமுண்டு. பத்துக் கேள்வி கொண்ட வினாத்தாளில் மூன்று தெரிந்தவன் மூன்றோடு நின்றுவிடுவான். புதிரில் அந்த மூன்றும் மற்றவற்றுக்கு எழுத்துக்களைத் தந்து உதவும். வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைகள் இதில் ஆர்வம் காட்டுவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டிலும் கீறிப் பார்க்கக்கூடிய ஒரு கட்டம்

நான் ஷொப்பிங் சொற்களையும் குற்றச்செயல் சொற்களையும் ஒரே புதிரில் சேர்க்கிறேன். பாடப்புத்தகத்தில் இவை வெவ்வேறு அலகுகளில் வரலாம். வாழ்க்கையில் இரண்டும் ஒரே கடையில்தான் சந்திக்கின்றன.

நடுவில் இடமிருந்து வலமாகப் பத்துப் பெட்டிகள் போடுங்கள். குறிப்பு: 'வாங்குபவர்போல் கடைக்குள் வந்து பணம் கொடுக்காமல் பொருளைக் கொண்டு போகிறவர்.' விடை 'ஷொப்லிஃப்டர்'. இதுதான் புதிரின் முதுகெலும்பு. இனி மேலிருந்து கீழாக ஐந்து சொற்கள் அதை வெட்டிச் செல்லும்.

முதலாம் எழுத்திலிருந்து கீழே இறங்கும் எட்டெழுத்துச் சொல்: 'டீச்சர் கரும்பலகையில் எழுதுவார், நீதிபதி மன்றில் வாசிப்பார்.' விடை 'சென்டன்ஸ்'. வசனத்துக்கும் அதுதான், தண்டனைத் தீர்ப்புக்கும் அதுதான்.

நான்காம் எழுத்தைத் தன் ஆறாம் எழுத்தாகக் கொண்டு வெட்டும் ஏழெழுத்துச் சொல்: 'பணம் கொடுத்ததற்குக் கடைக்காரர் தரும் சான்று.' விடை 'ரிசீட்'. இந்தச் சொல்லில் ஒலிக்காத ஒரு 'பீ' இருக்கிறது. பத்துத் தரம் எழுதினாலும் பிள்ளைகள் அதை விட்டுவிடுவார்கள். இந்தக் கட்டத்தில் விட முடியாது. ஏனென்றால் அந்தப் 'பீ' ஏற்கனவே 'ஷொப்லிஃப்டர்' என்பதில் நின்றுகொண்டிருக்கிறது.

ஆறாம் எழுத்தைத் தன் இரண்டாம் எழுத்தாகக் கொண்ட நான்கெழுத்துச் சொல்: 'சுகமாக இருக்கிறேன் என்பதற்கும் இதுதான், தலைக்கவசம் போடாமல் போனால் கட்டுவதும் இதுதான்.' விடை 'ஃபைன்'.

எட்டாம் எழுத்திலிருந்து இறங்கும் ஐந்தெழுத்துச் சொல் 'தீஃப்', கள்வன். பத்தாம் எழுத்திலிருந்து இறங்கும் ஏழெழுத்துச் சொல் 'ரொபரி', கொள்ளை.

'ரிசீட்', 'தீஃப்' இரண்டும் ஒரே புதிரில் இருப்பதில் இன்னொரு நன்மை உண்டு. இரண்டிலும் ஒலி 'ஈ'தான். ஆனால் 'தீஃப்' என்பதில் 'ஐ' முன்னால் வரும், 'ஈ' பின்னால் வரும். 'ரிசீட்' என்பதில் 'சீ' எழுத்தைத் தொடர்வதால் 'ஈ' முன்னால் வரும், 'ஐ' பின்னால் வரும். ஆங்கிலத்தில் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் ஒரு விதியை, ஒரு களவுச் சொல்லையும் ஒரு கடைச் சொல்லையும் பக்கத்தில் வைத்து இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

இதற்குப் போட்டோக்கொப்பி தேவையில்லை. 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்தக் காலத்தில் நான் கரும்பலகையில் கீறினேன். பிள்ளைகள் சதுரக்கோட்டுக் கணிதக் கொப்பியில் பார்த்து எழுதினார்கள். பழைய கலண்டரின் பின்பக்கமும் போதும். கீழ் வகுப்புகளுக்குக் குறிப்பைத் தமிழில் கொடுக்கிறேன். தரம் 10, 11க்கு எளிய ஆங்கிலத்தில் கொடுக்கிறேன்.

கடைக்கும் நீதிமன்றத்துக்கும் பொதுவான சொற்கள்

ஒரு தடவை 'ஷொப்பிங் என்றால் என்ன?' என்று தரம் 8இல் கேட்டேன். ஒரு பிள்ளை எழும்பி, "சாமான் போடுற பேக் டீச்சர்" என்றது. வகுப்பு சிரிக்கவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் அதே எண்ணம்தான். நாம் பொலித்தீன் பையை 'ஷொப்பிங் பேக்' என்று சொல்லிச் சொல்லி, பிள்ளைகளின் மனதில் ஷொப்பிங் என்பதே பையாகிவிட்டது.

நமது பேச்சுத் தமிழில் ஆங்கிலச் சொற்கள் நிறையவே இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஒற்றைப் பொருளோடு வந்து குடியிருக்கிறது. 'சார்ஜ்' என்றால் போனுக்குப் போடுவது. ஆங்கிலத்தில் கடைக்காரர் விலை அறவிடுவதும் அதே சொல், பொலிஸார் குற்றஞ்சாட்டுவதும் அதே சொல். 'கேஸ்' என்றால் நமக்கு நீதிமன்ற வழக்கு. கடையில் பெட்டிக்கும் அதே சொல் வரும். 'செஞ்ச்' என்றால் மாற்றம். காசாளரிடம் அதே சொல் மிச்சக்காசு. 'பில்' என்று நாம் எல்லாக் கடைத் துண்டையும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டிய தொகையைக் காட்டுவது பில்; கொடுத்து முடித்ததற்கான சான்று ரிசீட்.

இந்தக் கடைசி வேறுபாடு பரீட்சைக்கு மட்டும் உரியதல்ல. வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. முறைப்பாடு செய்ய 1977 என்ற இலக்கமும் இருக்கிறது. பற்றுச்சீட்டு கையில் இல்லாவிட்டால் பழுதான பொருளை மாற்றவும் கஷ்டம், 'ரிஃபண்ட்' கேட்கவும் கஷ்டம். பெரிய கடைகளில் பையைச் சோதிக்கும்போது நம்மைக் காப்பாற்றுவதும் அந்தத் துண்டுதான். இதையெல்லாம் ஒரு சொல்லின் குறிப்பை விளக்கும் சாட்டில் வகுப்பில் பேசிவிடலாம்.

இன்னொரு மூன்று சொற்களை நான் ஒருபோதும் தவறவிடுவதில்லை. சந்தேகநபர், குற்றஞ்சாட்டப்பட்டவர், குற்றவாளி. ஆங்கிலத்தில் 'சஸ்பெக்ட்', 'அக்கியூஸ்ட்', 'கொன்விக்ட்'. ஒருவர் கைதானதும் முகநூலில் அவரைக் குற்றவாளி என்று எழுதிப் பகிர்கிறார்கள். சந்தேகத்தின் பேரில் கைதாகி, பிறகு ஒன்றுமில்லை என்று விடுவிக்கப்பட்டவர்கள் நமது ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் நமது வகுப்பறைகளில் இருக்கிறார்கள். இந்த மூன்று சொற்களையும் சரியாகப் பாவிக்கத் தெரிந்த பிள்ளை, பெரியவனானதும் அவ்வளவு இலகுவாக ஒருவரைக் கள்வன் என்று எழுதமாட்டான்.

சொல்லின் கனம் தெரியாமல் பிள்ளைகள் அதைப் பாவித்தால் என்ன ஆகும் என்பதற்குக் குறுக்கெழுத்து வரலாற்றிலேயே ஒரு சம்பவம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் 'டெய்லி டெலிகிராஃப்' பத்திரிகைக்குப் புதிர் தயாரித்தவர் லெனார்ட் டோ என்ற பாடசாலைத் தலைமை ஆசிரியர். 1944 மே மாதத்திலும் ஜூன் முதல் நாளிலும் அவருடைய புதிர்களில் 'யூட்டா', 'ஒமாஹா', 'ஓவர்லோர்ட்', 'மல்பெரி', 'நெப்டியூன்' ஆகிய விடைகள் வந்தன. எல்லாம் ஜூன் 6ஆம் திகதி நடக்கவிருந்த நோர்மண்டித் தரையிறக்கத்தின் இரகசியப் பெயர்கள். உளவுத்துறையினர் வந்து அவரை விசாரித்தார்கள். 1984இல் அவருடைய பழைய மாணவர் ஒருவர் ஒரு விளக்கம் சொன்னார்: கட்டங்களை நிரப்ப மாணவர்களையும் அவர் சேர்த்துக்கொள்வார், பக்கத்து முகாமில் இருந்த படையினரின் வாயிலிருந்து கேட்ட சொற்களைத் தானே நிரப்பியதாகச் சொன்னார். பிள்ளைகளுக்கு அவை வெறும் சொற்கள். விசாரணைக்கு முகம் கொடுத்தவர் ஆசிரியர்.

கட்டம் நிரம்பினால் பாடம் முடியாது

இங்கே நான் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வெறும் குறுக்கெழுத்து மட்டும் என் மாணவனைக் காப்பாற்றியிருக்காது. 'ரொபரி' என்ற சொல்லை ஏழு பெட்டிக்குள் சரியாக நிரப்பிவிட்டு, பிறகும் 'ஐ ரொப்ட்' என்று எழுத முடியும். புதிர் தருவது தனிச்சொல்லை மட்டும். அந்தச் சொல் வசனத்தில் யார் மீது விழுகிறது என்பதைப் புதிர் சொல்லித் தராது. உச்சரிப்பையும் அது தராது.

ஆகவே என் பாடம் நான்கு படிகளில் போகிறது. முதலில் ஐந்து நிமிடம் தனியாக யோசிப்பது, அகராதி கிடையாது. பிறகு இருவராகச் சேர்ந்து நிரப்புவது. மூன்றாவதாக விடைகளைச் சத்தமாகச் சொல்லி, எழுத்துக்கூட்டலைப் பார்ப்பது. நான்காவது படிதான் முக்கியமானது. ஒவ்வொரு பிள்ளையும் புதிரிலிருந்து இரண்டு கடைச் சொல்லையும் இரண்டு குற்றச் சொல்லையும் எடுத்து, ஐந்து வரியில் ஒரு வாக்குமூலம் எழுத வேண்டும். 'நீங்கள் காசாளர். உங்கள் கல்லாப்பெட்டியிலிருந்து பணம் போய்விட்டது. மேற்பார்வையாளருக்கு எழுதுங்கள்.'

எழுதி முடித்ததும் பக்கத்துப் பிள்ளையிடம் தாளைக் கொடுக்க வேண்டும். பக்கத்துப் பிள்ளைதான் பொலிஸ். அது ஒரே ஒரு கேள்வி கேட்கும்: 'இந்தத் தாளின்படி பணத்தை எடுத்தவர் யார்?' முதல் தடவை இந்தப் பயிற்சியைச் செய்தபோது முப்பத்திரண்டு பிள்ளைகளில் பதினொரு பேர் தங்களைத் தாங்களே கள்வர் ஆக்கியிருந்தார்கள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் என் மனதில் அந்த நான்கு நாட்கள்தான் ஓடின.

இரண்டு வாரம் கழித்து அதே பயிற்சியை வேறு கதையோடு கொடுத்தேன். அப்போது இரண்டு பேர்தான் பிழைவிட்டார்கள். செயப்பாட்டு வினையை இலக்கண விதியாகப் படிப்பித்த வருடங்களில் எனக்கு இப்படிப் பலன் கிடைத்ததில்லை. 'வொஸ்' என்ற அந்தச் சின்னச் சொல் எதற்காக இருக்கிறது என்பது, அது இல்லாவிட்டால் தான் கைதாகலாம் என்று தெரிந்த பிறகுதான் பிள்ளைகளுக்கு விளங்கியது.

வரும் கேள்விகள்

'பிள்ளைகளுக்குக் களவு, கொள்ளை பற்றியா படிப்பிக்கிறீர்கள்?' என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். களவெடுப்பது எப்படி என்று நான் படிப்பிக்கவில்லை. களவுபோனால் எப்படிச் சொல்வது என்று படிப்பிக்கிறேன். இன்று 'உங்கள் பொதி தடுத்து வைக்கப்பட்டுள்ளது, கட்டணம் செலுத்துங்கள்', 'உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது, இலக்கத்தை அனுப்புங்கள்' என்று கைத்தொலைபேசிக்கு வரும் மோசடித் தகவல்களில் பல ஆங்கிலத்தில்தான் வருகின்றன. வீட்டில் உம்மாவின் போனை வாசித்துச் சொல்வது தரம் 9 படிக்கும் மகள்தான். 'ஸ்கேம்', 'ஃப்ரோட்', 'வெரிஃபை' போன்ற சொற்கள் அவளுக்குத் தெரிந்திருந்தால் அந்த வீட்டின் சேமிப்புத் தப்பும்.

'பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை' என்பது சக ஆசிரியர்களின் கேள்வி. நான் இரண்டு கிழமைக்கு ஒரு பாடவேளைதான் இதற்கு ஒதுக்குகிறேன். பட்டியல் எழுதவைத்து, கொப்பி திருத்திச் செலவழித்த நேரத்தைவிட அது குறைவு. தரம் 11 பிள்ளைகளைக் கொண்டே தரம் 7க்குப் புதிர் தயாரிக்க வைத்தால் வேலை இன்னும் இலகு. குறிப்பு எழுதுவதற்குச் சொல்லின் பொருளை நன்றாக விளங்கியிருக்க வேண்டும். ஆகவே நிரப்புகிறவனைவிடத் தயாரிக்கிறவனே கூடுதலாகப் படிக்கிறான்.

'நமது நாட்டில் தமிழில் முறைப்பாடு செய்யலாமே, ஆங்கிலம் எதற்கு?' என்றும் கேட்கிறார்கள். உண்மை, அந்த உரிமையை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. எழுதியதை வாசித்து விளங்காமல் எந்த மொழியிலும் கையொப்பமிடவும் கூடாது. ஆனால் கடல் கடந்து போன பிள்ளைக்கு அந்த உரிமை கூடவே போவதில்லை. அங்கு அவன் கையில் இருப்பது அவனுடைய சொல் மட்டும்தான்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை வெளிநாட்டுக்குப் போகும் முன்னர் கடவுச்சீட்டு, மருத்துவச் சான்றிதழ், முகவருக்குப் பணம் என்று எவ்வளவோ பார்க்கிறோம். அதோடு ஒரு நாள் பின்னேரம் அவனை உட்காரவைத்து, 'என் பணப்பை களவு போய்விட்டது', 'நான் எடுக்கவில்லை', 'இதோ பற்றுச்சீட்டு', 'இதை எனக்கு விளங்கும் மொழியில் சொல்லுங்கள்' என்ற நான்கு வசனங்களை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிப் பாருங்கள். நான்கையும் சரியாக எழுதினால் நல்லது. தடுமாறினால் பக்கத்தில் உள்ள ஆங்கில ஆசிரியரிடம் அனுப்புங்கள். எந்த ஆசிரியரும் அதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்.

அந்த மாணவன் இப்போதும் அதே கடையில்தான் வேலை செய்கிறான். மேற்பார்வையாளருக்கு உதவியாளராகப் பதவி உயர்ந்திருக்கிறான். சென்ற விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அவனை என் தரம் 11 வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கரும்பலகையில் 'ஐ ரொப்ட் 400 ரியால்' என்று எழுதிவிட்டு, "இதுல என்ன பிழை?" என்று பிள்ளைகளிடம் கேட்டான். முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து வந்து, சோக்கை வாங்கி, நடுவில் 'வொஸ்' என்று எழுதியது. கொஞ்சம் யோசித்துவிட்டு, 400 ரியாலுக்கு முன்னால் 'ஒஃப்' என்றும் எழுதியது.